128-லிருந்து கழித்தால் குற்றம்: சிம்சிட்டிக்குள் ஒளிந்திருந்த புத்தகம்

ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கலாம். பேப்பர், பேனா வேண்டாம், மனக்கணக்கே போதும்.

128-ஐ எடுத்துக்கோங்க. ஒரு இடத்தோட நில மதிப்பை அதிலிருந்து கழிங்க. அங்க ஜனங்க எவ்வளவு நெருக்கமா இருக்காங்களோ, அந்த எண்ணைக் கூட்டுங்க. பக்கத்துல போலீஸ் ஸ்டேஷன் இருந்தா, அதோட வீச்சைக் கழிங்க. மிச்சம் இருக்கறதுதான் அந்த இடத்தோட குற்ற அளவு.

அவ்வளவுதான். நிலம் மலிவா இருந்தா குற்றம் ஏறும், விலை ஏறினா குற்றம் இறங்கும், நடுவுல போலீஸ்.

இது எந்த நாட்டு காவல்துறையோட ஃபார்முலாவும் இல்லை. சிம்சிட்டின்னு 1989-ல் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வந்துச்சே, அதுக்குள்ள இருக்கிற கணக்கு. காலி நிலத்துல ரோடு போட்டு, கரன்ட் இழுத்து, வீடு, கடை, ஃபேக்டரிக்கு இடம் ஒதுக்கி ஒரு ஊரையே வளர்க்கிற விளையாட்டு. அதோட சோர்ஸ் கோடு 2008-ல் பொதுவெளிக்கு வந்தது. மேலே நான் சொன்னது அதில் சுமார் பத்து வரி.

நான் ஆடினது அதோட மூணாவது பதிப்பு. பெரியப்பா வீட்டு அண்ணன் ஹாஸ்டல்ல இருந்து ஒரு சிடி கொண்டு வந்தான். அந்தக் கோடை லீவு முழுக்க நானும் அவனும் அந்த ஒரு நாற்காலிக்கு அடிச்சுக்கிட்டோம். எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும். லீவு முடியும்போது ஊர் பத்தி எனக்கு நிறைய "தெரியும்". வரியை ஏத்தினா ஜனங்க ஓடிடுவாங்க. ஏழைங்க இருக்கிற பக்கம் போலீஸ் ஸ்டேஷன் வைக்கணும். யாரும் சொல்லித் தரலை, ஆடி ஆடி நானே கண்டுபிடிச்சது.

அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி, வேலையில ஒரு ரிஸ்க் மாடல் கட்டிட்டு இருந்தோம். எந்த ஏரியாவில் பணம் திரும்ப வராமல் போகும்னு கணிக்கிறது. அதுல நான் ஒரு காலம் சேர்த்தேன்: அந்த ஏரியாவோட சராசரி வீட்டு வாடகை. டீமுக்குப் புதுசா வந்த பொண்ணு கோடு ரிவ்யூல ஒரே ஒரு கேள்வி கேட்டா: "இது ஏன்?" "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ன்னு டைப் பண்ண ஆரம்பிச்சு, அழிச்சிட்டேன். எனக்கு அது எங்கிருந்து தெரியும்?

அந்த இடத்துல இருந்து பின்னாடி நடந்து போனதுதான் இந்த எபிசோட். விளையாட்டுல ஆரம்பிச்சு, 1969-ல் வந்த ஒரு புத்தகத்துல போய் நின்னேன்.

புத்தகத்தோட பேர் 'அர்பன் டைனமிக்ஸ்'. எழுதியவர் ஜே ஃபாரஸ்டர். எம்.ஐ.டி பேராசிரியர். நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்லை, பாஸ்டன் பக்கத்துல இருக்கிறது.

ஃபாரஸ்டர் 1918-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்து, ஒரு மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். பண்ணையில் கரன்ட் கிடையாது. பள்ளிக்கூடம் படிக்கும்போதே பழைய கார் பாகங்களை வைத்து ஒரு காற்றாலை செய்து, வீட்டுக்குக் கரன்ட் கொண்டு வந்துவிட்டார். இந்த ஆளைப் புரிஞ்சுக்க இது போதும்: ஒரு விஷயம் வேலை செய்யலைன்னா, உட்கார்ந்து செஞ்சு பார்க்கிற ரகம்.

எம்.ஐ.டி-யில் அவர் சேர்ந்தது சர்வோமெக்கானிசம் ஆய்வகம். நம்ம வீட்டு ஏசி மாதிரி யோசிங்க. ரூம் சூடானா ஓடும், குளிர்ந்தா நிக்கும். விளைவைப் பார்த்து, அதுக்கேத்த மாதிரி தன்னையே திருத்திக்கும். அதுதான் ஃபீட்பேக். இரண்டாம் உலகப் போரில், ராடாரையும் பீரங்கியையும் சரியான திசையில் திருப்பி நிறுத்த இந்தத் தொழில்நுட்பம் தேவைப்பட்டது. அவர் செய்த கருவி ஒன்று லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் பழுதாக, சரிசெய்யப் போனார். வேலை முடிவதற்குள் கப்பல் போருக்குக் கிளம்பிவிட்டது. இவர் உள்ளே இருக்கும்போதே டார்பிடோ தாக்கியது. தன் கருவி களத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று இதைவிடக் கிட்டே இருந்து பார்த்த எஞ்சினியர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

அடுத்து கடற்படைக்கு ஒரு விமான சிமுலேட்டர் செய்யும் வேலை. அது வளர்ந்து வளர்ந்து வேர்ல்விண்ட் என்ற டிஜிட்டல் கம்ப்யூட்டர் ஆனது. அதற்காக அவர் உருவாக்கிய காந்த வளைய நினைவகம்தான், பிறகு இருபது வருஷத்துக்குக் கம்ப்யூட்டர் உலகத்தின் மெமரி. இது தனி எபிசோடுக்கான கதை, இப்போ தாண்டிப் போறேன்.

1956-ல் ஃபாரஸ்டர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். கம்ப்யூட்டரை விட்டுவிட்டு மேனேஜ்மென்ட் பள்ளிக்குப் போனார். அங்கே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காரர்கள் ஒரு புதிரோடு இருந்தார்கள். கென்டகியில் இருந்த அவர்களின் ஃபேக்டரியில் சில வருஷம் ஓவர்டைம், சில வருஷம் பாதிப் பேருக்கு வேலை இல்லை. காரணம் சந்தைதான் என்று நினைத்திருந்தார்கள். ஃபாரஸ்டர் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்தார். ஸ்டாக் எவ்வளவு, ஆர்டர் எவ்வளவு, எத்தனை பேரை எடுப்போம் என்று வாரா வாரம் கையாலேயே கணக்குப் போட்டார். வெளியிலிருந்து வரும் தேவை சீராக இருந்தாலும், அவர்களே எடுக்கும் முடிவுகளால் ஃபேக்டரி ஊசலாடும் என்று தெரிந்தது. ஏசி தாமதமாக ஆன் ஆகி, தாமதமாக ஆஃப் ஆனால் ரூம் ஒரு நேரம் கொதிக்கும், ஒரு நேரம் உறையும் இல்லையா, அதேதான். சிஸ்டம் டைனமிக்ஸ் என்ற துறையே இதிலிருந்துதான் பிறந்தது. 1961-ல் 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்' புத்தகமாக வந்தது.

இதுவரைக்கும் எனக்கு அவர் மேல வெறும் மரியாதைதான். அடுத்ததுதான் சிக்கல்.

ஜான் காலின்ஸ் 1960-லிருந்து 1968 வரை பாஸ்டன் மேயர். பதவிக்காலம் முடிந்ததும் எம்.ஐ.டி-க்கு வருகைப் பேராசிரியராக வந்தார். போலியோ பாதிப்பால் ஊன்றுகோலோடு நடப்பவர், அதனால் லிஃப்ட் வசதி உள்ள கட்டடத்தில்தான் அறை கொடுக்க முடியும். ஃபாரஸ்டருக்குப் பக்கத்து அறைக்காரர் விடுப்பில் போயிருந்தார். ஒரு லிஃப்ட், ஒரு காலி அறை. இது ரெண்டும் இல்லைன்னா நான் சிம்சிட்டியே ஆடியிருக்க மாட்டேன்.

அது அமெரிக்க நகரங்கள் பற்றியெரிந்த காலம். 1967-லும் 1968-லும் ஊர் ஊராகக் கலவரம். அரசாங்கம் பணத்தைக் கொட்டியும் நகரங்கள் மோசமாகிக்கொண்டே போகின்றன. பேசப்பேச ஃபாரஸ்டருக்கு இது பழைய ஃபேக்டரி புதிர் மாதிரியே பட்டது. நகரம் தன் முடிவுகளாலேயே தன்னைக் கெடுத்துக்கொள்கிறதோ? வாரத்தில் ஒரு நாள் பிற்பகலில் உட்கார்ந்து பேச ஆள் திரட்டித் தரச் சொன்னார். ஒரு நிபந்தனை: நகரங்களைப் படித்தவர்கள் வேண்டாம், நகரங்களோடு மல்லுக்கட்டியவர்கள்தான் வேண்டும். அரசியல், வியாபாரம், நிர்வாகம் பார்த்தவர்கள் வந்தார்கள். நகரம் பற்றி அதுவரை எழுதப்பட்ட ஆராய்ச்சி நூல்களைக் கிட்டத்தட்ட அவர் தொடவே இல்லை.

ஒரு எஞ்சினியரா எனக்கு இந்தத் திமிர் புரியுது. டாக்குமென்டேஷன் படிக்காம நேரா கோடுக்குள்ள போறது நம்ம எல்லாரும் பண்றதுதான்.

அவர் கட்டிய நகரத்தில் தெரு கிடையாது, வரைபடமே கிடையாது. சமன்பாடுகள் மட்டும். மூன்று வகை மக்கள்: மேல்மட்ட நிர்வாகிகள், தொழிலாளர்கள், சரியான வேலை இல்லாத ஏழைகள். மூன்று வகை வீடு, மூன்று வகைத் தொழில். நிலத்தின் அளவு மாறாது. காலி நிலத்தில் தொடங்கி 250 வருஷம் ஓட்டினால், நகரம் வளர்ந்து, நிரம்பி, தேங்கி நிற்கும். அந்தத் தேங்கிய நகரத்தில் அன்றைய அரசாங்கத் திட்டங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். வேலை கொடுப்பது, பயிற்சி கொடுப்பது, நிதி கொடுப்பது, எதுவும் பெரிதாக உதவவில்லை. மலிவு விலை வீடு கட்டிக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசம்.

ஏன்? மாடலுக்குள்ள இருந்து பார்த்தா லாஜிக் கச்சிதம். வீடு கட்டினால் நிலம் போச்சு, தொழிலுக்கு இடமில்லை. வீடு இருக்கிறது என்று வெளியிலிருந்து இன்னும் ஏழைகள் வருகிறார்கள். ஆள் கூடுகிறது, வேலை குறைகிறது. அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? வருஷத்துக்கு 5 சதவீதம் என்ற கணக்கில் ஏழைகளின் வீடுகளை இடிக்க வேண்டும். அந்த இடத்தில் புதுத் தொழில் வரவேண்டும். நகரம் மறுபடி உயிர்பெறும். எண்கள் அதைத்தான் காட்டின.

இடிச்ச வீட்ல இருந்தவங்க எங்க போனாங்க? இந்தக் கேள்விக்கு மாடல்ல ஒரு பேர் இருக்கு: எல்லையற்ற வெளிச்சூழல். நகரத்தைச் சுற்றி முடிவே இல்லாத ஒரு 'வெளியே'. அங்கிருந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம், அங்கே எத்தனை பேர் வேண்டுமானாலும் போகலாம். போனவர்களால் அங்கே எதுவும் மாறாது, ஏனென்றால் அந்த இடத்துக்குச் சமன்பாடே கிடையாது.

இத்தனைக்கும் அதே பாஸ்டனில் இதற்கு ஒரு பதில் ஏற்கெனவே புத்தகமாக இருந்தது. வெஸ்ட் எண்ட் என்று ஒரு குடியிருப்பு, பெரும்பாலும் இத்தாலிய வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள். நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் காலின்ஸுக்கு முந்தைய மேயர் காலத்திலேயே அதை இடிக்கத் தொடங்கினார்கள். இடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் அங்கேயே சில மாதங்கள் குடியிருந்து, 1962-ல் 'தி அர்பன் வில்லேஜர்ஸ்' என்று எழுதினார். வெளியிலிருந்து பார்த்தால் சேரி. உள்ளே சொந்தபந்தம், தெருமுனைப் பேச்சு, ஒருத்தரை ஒருத்தர் தாங்கிப் பிடிக்கும் ஒரு கிராமம். இடித்தபோது ஆயிரக்கணக்கானோர் சிதறினார்கள். அவர்கள் போன 'வெளியே'வுக்குத் தெருப் பெயர் இருந்தது, வாடகை இருந்தது. நம்ம ஊர்ல இதே கதை உங்களுக்கு ஞாபகம் வரலாம். வரட்டும், அதுக்கு வேற எபிசோட் வேணும்.

ஃபாரஸ்டர் கெட்ட எண்ணத்தோட இதை எழுதினார்னு நான் சொல்லலை. எல்லாரும் மண்டைக்குள்ள ஒரு நகரத்தை வச்சுக்கிட்டுத்தான் சட்டம் போடறாங்க, என்னோடது குறைந்தபட்சம் எழுதி வச்சிருக்கு, தப்பு இருந்தா காட்டுங்க என்பது அவர் வாதம். எனக்கு அது ரொம்ப நேர்மையான வாதமாத்தான் படுது. சமன்பாடுகள் புத்தகத்திலேயே அச்சாகியிருந்ததால்தான் அந்த 'வெளியே'வை விமர்சகர்களால் பிடித்து இழுக்க முடிந்தது. தன் மாடல்களில் உணர்ச்சிகரமான எதிர்ப்பை முதலில் சந்தித்தது இதுதான் என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

சரி, இது எப்படி ஒரு பத்து வயசுப் பையன் கைக்கு வந்துச்சு?

வில் ரைட் 1984-ல் ஒரு ஹெலிகாப்டர் சண்டை விளையாட்டு செய்தார். குண்டு போட்டுத் தீவுகளை அழிக்க வேண்டும். அந்தத் தீவுகளை வரைய தனக்காக ஒரு எடிட்டர் எழுதினார். ரோடு, கட்டடம், ஃபேக்டரி என்று வைத்துக்கொண்டே போகலாம். அழிப்பதைவிட அடுக்குவது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சின்ன வயசில் மாண்டிசோரி பள்ளியில் படித்தவர், பொருளைக் கையில் கொடுத்து நீயே கண்டுபிடி என்று விட்டுவிடும் முறை. அந்த ஊருக்குள் ஏதாவது அசைய வேண்டுமே என்று நகரங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். கையில் கிடைத்ததில் ஒன்று, 'அர்பன் டைனமிக்ஸ்'.

ஃபாரஸ்டரின் சமன்பாடுகளை அவர் அப்படியே எடுத்துப் போடவில்லை. ஃபாரஸ்டரிடம் வரைபடம் இல்லை, ரைட் கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடத்தில் ஊரை வைத்தார். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைப் பாதிக்கும். அதற்கு ஜான் கான்வேயின் 'கேம் ஆஃப் லைஃப்' ஒரு தூண்டுதல். நகரம் என்றால் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் சில எண்கள், அவற்றைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் ஃபாரஸ்டருடையது. ஜெயிப்பதும் தோற்பதும் இல்லாத விளையாட்டை யார் வாங்குவார்கள் என்று ப்ரோடர்பண்ட் நிறுவனம் முதலில் கையை விரித்தது. ரைட்டும் ஜெஃப் பிரவுனும் மேக்ஸிஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். 1989-ல் வெளியானபோது அதே ப்ரோடர்பண்ட்தான் விநியோகித்தது.

அடுத்த வருஷமே ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் மேயர் வேட்பாளர்களைச் சிம்சிட்டி ஆடவைத்து ஒரு பத்திரிகை கட்டுரை போட்டது. அதில் சொதப்பிய ஒருவர் தேர்தலிலும் தோற்றார். தோல்விக்கு அந்தக் கட்டுரையும் ஒரு காரணம் என்று அவர் சொன்னதாகப் பேச்சு. பொம்மை அளவுகோலாக மாற ஒரு வருஷம்தான் பிடித்திருக்கிறது.

இப்போ கோடுக்கு வர்றேன், எனக்குத் தெரிஞ்ச ஏரியா. பொதுவெளியில் வந்த பதிப்புக்கு மைக்ரோபோலிஸ் என்று பெயர், விளையாட்டுக்கு ரைட் முதலில் வைத்திருந்த பெயரே அது. ஏழைக் குழந்தைகளுக்கு மலிவு லேப்டாப் கொடுக்கும் ஒரு திட்டத்துக்காகத்தான் கோடைத் திறந்துவிட்டார்கள்.

ஒரு ராத்திரி முழுக்கப் படிச்சேன். வரி பற்றி நான் பத்து வயசுல "கண்டுபிடிச்சது" அங்க ஒரே வரியில இருக்கு. 21 எண்கள் கொண்ட ஒரு பட்டியல். முதல் எண் 200, கடைசி எண் மைனஸ் 600, நடுவில் ஏழு சதவீதத்துக்கு நேரே பூஜ்யம். வரி அதுக்குக் கீழே இருந்தால் ஊருக்கு வர ஆசை கூடும், மேலே போனால் சரியும். வரிப் பணத்தில் என்ன கிடைக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. யாரோ ஒருத்தர் ஒரு மத்தியானம் டைப் பண்ணின 21 எண்கள். நான் அதை உலக நியதின்னு நினைச்சு வளர்ந்திருக்கேன்.

இடம்பெயர்வுக்கும் ஒரு வரி இருக்கு. வேலைவாய்ப்பு விகிதத்தில் ஒன்றைக் கழி, ஜனத்தொகையால் பெருக்கு. நெகட்டிவா வந்தா அத்தனை பேர் போயிட்டாங்கன்னு அர்த்தம். எங்க? பதில் இல்லை. அந்த எண்ணை வாங்கி வைக்க எந்த மாறியும் கிடையாது. அடப்பாவி, இது அதே 'வெளியே'தான்! புல்டோசர் ஓட்டக் கட்டத்துக்கு ஒரு டாலர். ஒரு வீட்டு மேல கிளிக் பண்ணா டமார்னு சத்தம், கொஞ்சம் புகை, காலி நிலம். எத்தனை வீட்டை அப்படி இடிச்சிருப்பேன்! ஒரு தடவை கூட நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

புத்தகத்தில் அந்த எல்லை அச்சில் இருந்தது. பொம்மைக்குள் போனதும் அது கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. ஆலன் கே, நாம் இன்று லேப்டாப் என்று சொல்வதை 1970-களிலேயே குழந்தைகளுக்காகக் கனவு கண்டவர், சிம்சிட்டி மேல் வைத்த குற்றச்சாட்டே இதுதான். குழந்தையால் மூடியைத் திறந்து விதியைப் பார்க்க முடியாது, மாற்ற முடியாது. குற்றம் கூடினால் இன்னும் போலீஸ் என்று மட்டும் கற்றுக்கொள்ளும். வேறு ஏதாவது வழியில் குற்றம் குறையுமா என்று முயற்சி செய்யக்கூட இடமில்லை.

இதில் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது ஃபாரஸ்டரோட கடைசிக் காலம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சிஸ்டம் டைனமிக்ஸ் கொண்டுபோவதில்தான் தன் முதுமையைச் செலவழித்தார். அரிசோனாவின் டூசான் நகரில், அவருடைய பழைய ஆசிரியர் கார்டன் பிரவுன் ஓய்வுக்குப் பிறகு ஒரு நடுநிலைப் பள்ளியில் இதை ஆரம்பித்துவைத்தார். ஃபாரஸ்டர் வலியுறுத்தியது ஒன்றுதான்: யாரோ கட்டிய சிமுலேஷனைப் பிள்ளைகள் ஆடினால் மட்டும் பத்தாது, மாடலை அவர்களே கட்ட வேண்டும். அதாவது, ஆலன் கே கேட்ட அதே விஷயம். ஃபாரஸ்டர் 2016 நவம்பரில், 98 வயதில் இறந்தார்.

இன்னொரு சின்ன விஷயம் சொல்லிடறேன். 2013-ல் சிம்சிட்டியின் புதுப் பதிப்பு வந்தது. அதன் வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ராண்ட் நிஜ அமெரிக்க ஊர்களில் கடைகள், வீடுகளின் அளவையெல்லாம் மேலிருந்து எடுத்த படங்களை வைத்து அளந்து பார்த்தாராம். கடையைவிட அதன் பார்க்கிங் பெரிதாக இருந்தது. அப்படியே விளையாட்டில் வைத்தால் ஊர் முழுக்கப் பார்க்கிங்தான் தெரியும், போரடிக்கும். அதனால் கொஞ்சம் பார்க்கிங்கை மட்டும் காட்டிவிட்டு, மிச்சமெல்லாம் தரைக்கடியில் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் எத்தனை கார் ஓடினாலும் அது எங்கே நிற்கிறது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. ரொம்ப நியாயமான டிசைன் முடிவு. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.

மைக்ரோபோலிஸ் கோடை என் லேப்டாப்ல இறக்கி, குற்றக் கணக்குல இருந்து அந்த "128 கழித்தல் நில மதிப்பு"ன்ற துண்டை மட்டும் எடுத்துட்டேன். நெருக்கத்தையும் போலீஸையும் தொடலை. பில்ட் பண்ணி ஓட்டினேன். குற்ற வரைபடத்துல வழக்கமா ஊர் ஓரத்துல, ஃபேக்டரிக்குப் பக்கத்து மலிவு வீடுகள் மேல இருக்கிற நிறம் மெல்ல வெளிறிப் போச்சு. ஊர் நடுவுல, உசந்த கட்டடங்கள் இருக்கிற இடத்துல அடர்த்தியாச்சு. அதுவும் உண்மை இல்லைதான். ஒரு வரி வேற மாதிரி, அவ்வளவுதான்.

ஆபீஸ்ல அந்த வாடகை காலத்தை எடுத்துட்டு மாடலை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். துல்லியம் கொஞ்சம் குறைஞ்சுது. அதைத் திரும்பச் சேர்க்கணுமான்னு மீட்டிங் மூணு தடவை போட்டாச்சு, இன்னும் முடிவாகலை. அந்தப் பொண்ணு இந்தத் தடவை வேற கேள்வி கேட்டிருக்கா: நாம 'வேண்டாம்'னு சொன்ன ஆளுங்க அப்புறம் எங்க போய்க் கடன் வாங்கினாங்கன்னு நம்மகிட்ட டேட்டா இருக்கா?

இல்லை. அந்த டேபிளே நாங்க வைக்கலை.